வெள்ளி ஜெட்டுக்கு அழுக்குப் பூசியவள்

வடசேரியில் எனக்குப் பெயிண்ட் கடை. கடல்காற்று அடிக்கிற ஊர்ப்பக்கம் பெயிண்ட் வியாபாரம் படுப்பதில்லை. இராஜாக்கமங்கலம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு அடித்த பெயிண்ட் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதுவே பெரிய காரியம். கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் "உப்புக்காத்துக்கு நிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். நிற்கும் என்று சொல்லி விற்பது என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வீட்டு மாடியறையில் என் மனைவி ஒரு போர் விமானத்தைக் கண்ணாடி போல மினுக்கிவிட்டு, அதன்மேல் எண்ணெய்க் கறையும் புகைக்கரியும் ஏற்ற ஆரம்பித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் போய் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் நாகர்கோவிலில் பல் கட்டும் லேப் ஒன்றில் வேலை செய்கிறாள். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து, அதற்கு நிறம் கொடுப்பது அவள் வேலை. விமானத்துக்கும் அவளுக்கும் உள்ள சம்பந்தம் அவளுடைய அப்பா வழியாக வந்தது. என் மாமனார் விமானப்படையில் தரைப் பணியாளராக இருந்தவர். ஜெட் விமானங்களைப் பறக்க ஆயத்தம் செய்து அனுப்புவதும், திரும்பி வந்ததும் சோதித்துத் துடைத்து நிறுத்துவதும் அவர் பார்த்த வேலை. பத்து வயதுவரை அவள் வடக்கே ஒரு பாலைவன ஊரில், படைக் குடியிருப்பில் வளர்ந்தாள். மாமனார் ஓய்வு பெற்றபின் திற்பரப்பில் மகன் வீட்டில் இருக்கிறார். வேலை பார்த்த காலத்தைப் பற்றி அவராக வாய் திறந்து நான் கேட்டதில்லை.

நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஒரு நாள் அவள் பெரிய பெட்டி ஒன்றை வரவழைத்தாள். ஆன்லைனில் வாங்கியது. மேலே ஊசிமூக்கு ஜெட் ஒன்றின் படம். ரஷ்யாக்காரன் செய்து நம் நாட்டில் வெகுகாலம் பறந்த ரகம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்ன உறுப்புகள்.

"இது என்ன, பிள்ளைகள் விளையாடுகதா?" என்று கேட்டேன்.

"நான் விளையாடுகது" என்றாள்.

நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு என்று சொன்னாள். முடித்தால் நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட வரும். மாதிரி விமானங்களில் இது பெரிய அளவாம். சின்ன அளவென்றால் தப்பு கண்ணுக்குத் தெரியாது, இதில் ஒரு ஆணித்தலை மாறினாலும் காட்டிக்கொடுக்கும் என்றாள்.

முதலில் விமானி உட்காரும் அறையைச் செய்தாள். பச்சையும் நீலமும் கலந்த ஒரு விசித்திர நிறம். என் கடையில் கலர் மிஷினைத் தட்டினால் ஆயிரம் நிறம் வரும், அது வராது. அவள் ஒரு பீங்கான் தட்டில் சொட்டுச் சொட்டாகக் கலந்து அதை வரவழைத்தாள். கடுகு அளவு மீட்டர்களில் முள் வரைந்தாள். மாத்திரை அட்டையின் ஈயத்தாளை வெட்டி இருக்கைக்கு வார் போட்டாள். முன்சக்கரம் தரையில் பதியாமல் விமானம் வால் குத்தி உட்கார்ந்துவிடும் என்று மூக்குக்குள் கனம் வைக்க வேண்டியிருந்தது. இராஜாக்கமங்கலத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயமணிகளை வாங்கி வந்து உள்ளே ஒட்டினாள்.

உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்தபிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. ஒட்டின இடம் ஒரு கோடாகத் தெரியக் கூடாது. தேய்த்தாள், பூச்சு அடைத்தாள், மறுபடி தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பாள். நகம் எங்காவது தட்டினால் திரும்பவும் உப்புத்தாள். தேய்த்ததில் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய கோடுகள் அழிந்துபோயின. பல்லில் காரை சுரண்டுகிற கொக்கியால் அத்தனை கோட்டையும் திரும்பக் கீறினாள். அவள் மூச்சை அடக்கிக் கீறும்போது நானும் அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வேன். காப்பித் தம்ளரை மேஜையில் வைக்கக்கூடப் பயமாக இருக்கும்.

பெயிண்ட் என்று வந்ததும் நமக்கும் ஒரு வேலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். விமானம் வெள்ளி நிறம். ஆனால் அவள் கையில் எடுத்தது கறுப்பு.

"வெள்ளி மினுங்கணும்னா அடியில கறுப்பு கண்ணாடியா இருக்கணும்" என்றாள்.

ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. "ஈரக்காத்துல ஸ்பிரே அடிக்காத, பூத்துரும்" என்றேன். லாக்கர் பூச்சு உலரும்போது காற்றில் ஈரம் இருந்தால் மேலே வெள்ளை படரும். நாங்கள் அதைப் பூப்பது என்போம். அவளுக்குப் பொறுக்கவில்லை, அடித்துவிட்டாள். கறுப்புப் பளபளப்பின்மேல் மாவு தூவினதுபோலப் படர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்து, சொன்னேன் கேட்டியா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

"மேல இன்னொரு கோட்டு அடிச்சா அமுங்கிரும். மெல்ல உலருகதுக்கு ஒரு தின்னர் இருக்கு, தாறேன்" என்றேன்.

"அடியில பூத்துக் கெடக்குன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள்.

பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து முழு விமானத்தையும் துடைத்துப் பழையபடி சாம்பல் பிளாஸ்டிக்காக ஆக்கினாள். கோட்டுக்குள் தங்கிய கறுப்பைக்கூடப் பல் குத்தும் குச்சியால் எடுத்தாள். எங்கள் தொழிலில் யாரும் அப்படிச் செய்வதில்லை. மேலே அடித்து மூடுவோம். அன்றைக்குத்தான் முதன்முதலாக, இவள் பொழுதுபோக்குக்காக இதைச் செய்யவில்லை என்று எனக்குப் பட்டது.

லேபில் ஏசி உண்டு, காற்றில் ஈரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வைத்துப் பெயிண்ட் அடிக்க முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். எங்கள் வீடு இராஜாக்கமங்கலம் ரோட்டில் இருக்கிறது. ஸ்கூட்டரில் கொண்டுபோனால் ரோட்டுக் குழிகளில் சக்கரக்கால் ஒடிந்துபோகும் என்று பஸ்ஸில்தான் போவோம். மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, உள்ளே ஸ்பாஞ்சு வெட்டி வைத்து, அதில் விமானத்தைப் படுக்க வைத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

வெள்ளிப் பூச்சு முதன்முதலில் ஏறின அன்று சாயந்திரம் திரும்பி வரும்போது, மீன் விற்று முடித்துக் காலிச் சருவப் பாத்திரத்தோடு வந்த ஒரு அக்கா எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"என்ன மீனு, மக்ளே?"

"மீனில்ல அக்கா."

"பொய் சொல்லாத. டவுன்ல மீன் வாங்கிக் கடக்கரைக்கா கொண்டு போற? கெட்டுப்போன மீனைத் தலையில கெட்டிருப்பான், காட்டு பாப்போம்."

என் மனைவி மூடியைத் திறந்தாள். பஸ் ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் விமானம் பளிச்சென்று மின்னியது. அக்கா வாயில் கைவைத்தாள்.

"யம்மா! வாளை மீனுல்லா இது!" முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா வாளை இப்படி ஒண்ணுபோல மினுங்காது, கேட்டியா. முதுகு ஒரு நெறம், வயிறு ஒரு நெறம்."

"அது அடுத்த வாரம் அக்கா" என்று என் மனைவி சிரித்தாள்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அதைத்தான் செய்தாள். உண்மையான விமானத்தில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு மாதிரி வெளுத்திருக்குமாம். ஒரு தகட்டைச் சுற்றி டேப் ஒட்டி, வெள்ளியில் ஒரு துளி நீலம் கலந்து அடிப்பாள். பக்கத்துத் தகட்டுக்கு ஒரு துளி பழுப்பு. வால் பக்கம், எஞ்சின் சூட்டில் வெந்த தகடுகளுக்கு வைக்கோல் நிறம், அதன் ஓரத்தில் ஊதா. எல்லா டேப்பையும் உரித்தபோது நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். வெள்ளி என்று ஒரே ஒரு டப்பாவை முப்பது வருஷமாக விற்கிறவன் நான். வெள்ளிக்குள் இத்தனை நிறம் இருப்பதை அவள் மேஜையில்தான் பார்த்தேன்.

அது போதும் என்று நினைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று பெட்டிக்கு அளவுகூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் கறுப்பையும் பழுப்பையும் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து, தூரிகையில் தொட்டு, அந்த வெள்ளியின்மேல் வைத்தாள்.

"எதுக்கு? எதுக்கு இதைக் கெடுக்க?" என்று கத்தியேவிட்டேன்.

அவள் ஒரு கோட்டில் தூரிகை முனையை வைத்தாள். கறுப்பு தானாகக் கோடு முழுக்க ஓடியது. வெளியே பரவினதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அதற்குப்பிறகு உட்காரச் சொல்லி ஒரு சங்கதி சொன்னாள்.

வெற்றிலை போடுகிற ஒரு அம்மாவுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. லேபில் புதுப்பல் வெள்ளையாகச் செய்து கொடுத்தார்கள். அந்த அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது யாருக்க பல்லு? எனக்கு என் பல்லு வேணும்" என்று அழுதுவிட்டாராம். பிறகு என் மனைவி அந்தப் பீங்கானில் வெற்றிலைக் காவியையும், ஒரு சின்ன வெடிப்பையும், ஈறோரத்துப் பழுப்பையும் ஏற்றிக் கொடுத்தாள். மாட்டிப் பார்த்ததும் அவர் சிரித்தாராம்.

"புதுசா மினுங்கவைக்க ஒரு நாள் போதும்" என்றாள். "வாய்க்குள்ள வாழ்ந்த பல்லுபோல ஆக்கத்தான் எனக்குச் சம்பளம். இது பறந்த விமானம். பெட்டியில இருந்து எடுத்தது இல்ல."

அதற்குப்பின் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கைக்கு அடியில் தொங்குகிற எண்ணெய்த் தொட்டிக்குப் பழசான வெளுப்பு வேண்டும் என்று, அடிநிறத்தின்மேல் தண்ணீர் தொட்டுச் சமையல் உப்பைத் தூவினாள். காய்ந்ததும் மேலே வெளுத்த நிறத்தை அடித்து, பல் துலக்கும் பிரஷால் உப்பைத் தேய்த்து எடுத்தாள். உப்பு இருந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெயில் தின்ற பெயிண்ட். நான் எந்த உப்பை நம்பியும் பயந்தும் கடை நடத்துகிறேனோ அதையே ஒரு கரண்டி எடுத்து வேலைக்காரியாக வைத்துக்கொண்டாள். பீரங்கி வாய்க்குப் பின்னால் புகைக்கரியை ஊதினாள். ஏணி சாய்கிற இடத்தில் கால் பட்டுத் தேய்ந்த தேய்வைக் கொடுத்தாள். கடைசியாக விமானத்தை ஸ்பாஞ்சின்மேல் மல்லாத்திப் போட்டு, வயிற்றில் பழுது பார்க்கத் திறக்கிற மூடிகளின் ஓரத்திலிருந்து வால்நோக்கி எண்ணெய் ஒழுகிய கறையை, ஓவியம் வரைகிற எண்ணெய்ச் சாயத்தால் ஒரு மயிரிழைத் தூரிகையில் இழுத்தாள். அது உலர நாலைந்து நாளாகும், யாரும் தொடக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

உலர்வதற்குள் மாமனார் வந்துவிட்டார்.

நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்க்க வந்தவர், சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். ஜெட் சத்தத்தில் அவருக்கு ஒரு காது எப்போதோ மந்தமாகிவிட்டது. விமானம் செய்கிற சங்கதியை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்தாள். அவள் அடுக்களையில் இருந்தாள். நான் அவரை மாடிக்கு அழைத்துப்போனேன். மேஜையைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது எதுக்கு மலந்து கெடக்கு?"

"காயுகது மாமா. உங்க மகள் செய்தது."

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கிட்டே போனார். குனிந்தார். வயிற்றில் இருந்த எண்ணெய்க் கறையைக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். "சே, இப்படியா விட்டிருக்கான்" என்று முணுமுணுத்தபடி, வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மூக்குப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்.

"மாமா!" என்று நான் கத்தினபோது எல்லாம் முடிந்திருந்தது. கறையில் பாதி கைக்குட்டையில் இருந்தது.

சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். மேஜையைப் பார்த்தாள், அப்பா கையைப் பார்த்தாள். இப்போது அழுகையா கோபமா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மெல்ல நடந்துவந்து விளக்கை அந்தப் பக்கம் திருப்பினாள். துடைத்த இடத்தில் சாயம் முழுக்கப் போகவில்லை. மெல்லிய படலமாக, துணியின் இழை போன வழி தெரிய, வால்நோக்கி நீண்டு மங்கியிருந்தது. மூடியின் ஓரத்தில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தது. தினமும் ஒருவர் துடைத்துவிடுகிற விமானம்போல இருந்தது.

"அப்பா," அவர் கேட்கும் காதுப்பக்கம் போய்க் கேட்டாள், "அந்தப் பக்கமும் துடைப்பியளா?"

அவர் அப்போதுதான் சுயநினைவுக்கு வந்தவர்போல கைக்குட்டையைப் பார்த்தார். "மக்ளே, நான் கெடுத்துட்டனா?"

"இல்லப்பா. இதேமாரி அந்தப் பக்கமும் துடைங்க."

துடைத்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தவர் புகார் சொல்ல ஆரம்பித்தார். "எங்க விமானம் இவ்வளவு அழுக்கா இருந்ததில்ல கேட்டியா. இப்படி நிப்பாட்டினா எங்க சார்ஜண்ட் தோலை உரிச்சிருவாரு."

"படத்துல இப்படித்தானே இருக்கு அப்பா" என்று அவள் போனில் பழைய படம் ஒன்றைக் காட்டினாள்.

அவர் உற்றுப் பார்த்தார். "அது வேற ஸ்குவாட்ரன்" என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு அவள் சொன்னாள்: "நீங்க சாயந்திரம் வரும்போ கை ரெண்டும் கறுப்பா இருக்கும். என்னைத் தூக்குன்னு ஓடி வருவேன். தொடாதே, மண்ணெண்ணெய் நாத்தம்னு கையைத் தூக்கிட்டே குளிமுறிக்குள்ள போவிய. அந்தக் கறுப்பெல்லாம் எங்க இருந்து வந்தது அப்பா?"

அவர் கைக்குட்டையை வேட்டி மடிப்பில் செருகினார். ஸ்பாஞ்சின்மேல் கிடந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அதுவரை யோசிக்காதது அப்போது புரிந்தது. துடைத்து நிறுத்தியவருக்கு அது சுத்தமாக நின்றதுதான் நினைவு. வீட்டு வாசலில் காத்திருந்த பிள்ளைக்கு அழுக்குதான் விமானம்.

அன்றைக்கு அவர் திற்பரப்புக்குத் திரும்பவில்லை. எண்ணெய் உலர்ந்து விமானம் சக்கரத்தில் நிற்கும்வரை எங்களோடு இருந்தார். நின்றதும் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் விமானத்தை நிறுத்தக் கூடாது. வயிற்றுக்குக் கீழே எண்ணெய் சொட்டத் தட்டு வேண்டும். மூக்கு நுனியில் நீண்டிருக்கிற குழாய்க்குச் சிவப்புத் துணி உறை கட்டாவிட்டால் குளவி உள்ளே கூடு கட்டிவிடும், மேலே போன பிறகு மீட்டர் வேகம் காட்டாது. அவர் சொல்லச் சொல்ல அவள் மரக்குச்சியைச் சீவிக் கட்டை செய்தாள், பல் அச்சு வார்க்கிற தகட்டை வளைத்துத் தட்டு செய்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் இல்லை. ஏணியை இடப்பக்கம்தான் வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தபோது, படத்தைக் காட்டிக் கால் தேய்வு எந்தப் பக்கம் என்று வாதாடினாள். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று படத்திலேயே தெரிந்தது, தேய்வை அந்தப் பக்கம் மாற்றினாள். பீரங்கிப் புகை இவ்வளவு படியுமா என்ற விஷயத்தில் அவள் ஜெயித்தாள்.

எல்லாவற்றுக்கும்மேல் மினுக்கம் போகிற பூச்சு ஒன்று அடிக்க வேண்டும். அடித்தால் கறை எதுவும் கலையாது. அந்த ஞாயிறு மூன்று பேருமாக லேபுக்குப் போனோம். பெட்டியை மாமனார் மடியில் வைத்துக்கொண்டார், யாரிடமும் கொடுக்கவில்லை. லேபில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவர் நின்றார். உள்ளே அவள் முகமூடி கட்டி, ஒரு கையில் விமானத்தைத் திருப்பியபடி, மறு கையில் ஸ்பிரே பேனாவை ஒரே வேகத்தில் கொண்டுபோனாள். எங்கும் நிற்கவில்லை, எங்கும் முந்தவில்லை. ஈரமாக மினுங்கியது மெல்ல மெல்ல அடங்கி, வெயிலில் நாள் முழுக்க நின்ற உலோகம்போல ஆனது. மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இவளுக்கு இந்தக் கை எங்க இருந்து வந்தது, மருமவனே?"

"உங்களுக்க கை மாமா" என்றேன் மரியாதைக்கு.

"போடே. நான் துடைக்கவன். இது அவளுக்கே உள்ளது" என்றார்.

இப்போது விமானம் எங்கள் ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டையும் தட்டும் சிவப்பு உறையுமாக நிற்கிறது. மாதம் ஒருமுறை மாமனார் வந்து பார்க்கிறார். போன தடவை அவர் இருக்கும்போது என் பெரியம்மா மகன் குடும்பத்தோடு வந்தான். வளைகுடாவில் வீட்டையே பளிங்காக வைத்துப் பழகினவன். பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்துட்டு, இதை ஒண்ணு துடைச்சு வைக்கப்பிடாதா?" என்றான்.

நான் விளக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தம்பி, அது பறந்துட்டு வந்திருக்கு. அழுக்கு இருக்கத்தான் செய்யும்" என்றார். அதோடு விடவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்து, குனியவைத்து, வயிற்றுப்பக்கத்தைக் காட்டி, எந்த மூடிக்குள் என்ன இருக்கும், எது எதனால் ஒழுகும் என்று சொல்ல ஆரம்பித்தார். அவன் பிள்ளைகளும் வந்து குனிந்தார்கள். அடுக்களையில் என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சட்டுவத்தோடு கதவோரம் வந்து நின்றாள். அப்பா அவ்வளவு நேரம் பேசி அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது. தோசை கரிகிற வாசனை வந்ததும் நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.